பழைய சிட்டை, பேரேட்டை வைத்து வீட்டுச் சாமான்களை ஆராய்வது எப்படி? (முகப்புத்தூண் கேட்க, பற்றுவரவும் மங்குச்சாடியும் பதில் சொல்கிறார்கள்)

முகப்புத்தூண்:
செட்டிநாட்டில், தேவகோட்டைப் பக்கம் ஒரு வளவு வீட்டில் (முற்றம் வைத்த பெரிய வீடு) 1900 முதல் 1950 வரையிலான கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. நாள்வழிச் சிட்டை (அன்றாட வரவு செலவு), பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு), கலியாணச் சாமான் பட்டியல் எல்லாம் உண்டு. தேக்கு நிலைக்கதவு, ரவிவர்மா அச்சுப் படங்கள், மங்குச் (பீங்கான்) சாமான், வெள்ளி என்று பொருள்களும் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கின்றன. எது எப்போது, என்ன விலைக்கு, யார் கையால் வந்தது என்று பார்க்க வேண்டும். பேரேட்டில் தேடினால் "மராமத்து", "வீட்டுச் செலவு" என்று மொத்தத் தொகைதான் வருகிறது. எங்கே பிடிப்பது? மாதிரிக்குச் சிட்டையிலிருந்து இரண்டு வரி, உள்ளது உள்ளபடி:

யுவ ௵ ஐப்பசி ௴ ௰௨ ௳ படம ௪ ககு தெககு சடடம ௹ ௩
௸ ௨ ககு ௹ ௧ அணா ௮

பற்றுவரவு:
பேரேட்டை ஓரமாக வையுங்கள். அது ஆள்வாரியாகவும் தலைப்புவாரியாகவும் திரட்டியது. திரட்டும்போதே சாமான் பெயரெல்லாம் உதிர்ந்துவிடும். ஆசாரி பெயரில் ஒரு பற்று கண்ணில் பட்டால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு சிட்டைக்கு வந்துவிடுங்கள். பேரேட்டுக்கு அந்த வேலை போதும்.

சிட்டையிலும் "நிலைக்கதவு 1" என்று நேராக எழுதியிருப்பார்கள் என எதிர்பார்க்காதீர்கள். மரம் ஒரு நாள், வண்டிச் சத்தம் (வாடகை) ஒரு நாள், அறுப்புக் கூலி, அப்புறம் மாதக்கணக்கில் ஆசாரி கூலி, பித்தளைக் குமிழ், கடைசியாக வார்னிஷ். இத்தனையும் சேர்ந்ததுதான் கதவு. இதில் கூலி வரிகளைத்தான் முதலில் எண்ண வேண்டும். எத்தனை ஆள், எத்தனை நாள் என்பது செதுக்கு வேலையைப் பற்றிச் சொல்வதை விலை சொல்லாது. மரக் கணக்கில் டன் என்றால் எடை இல்லை, 50 கன அடி. 1942-ல் பர்மாத் தேக்கு வந்துகொண்டிருந்த ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போன பிறகும் "தேக்கு" வந்தால் அது பழைய மரமா, மலையாளத்து மரமா என்று சந்தேகப்படுங்கள்.

உங்கள் இரண்டு வரியையே பாருங்கள். முதல் வரி: யுவ வருடம் ஐப்பசி மாதம் 12-ம் நாள், படம் 4-க்குத் தேக்குச் சட்டம் 3 ரூபாய். இரண்டாம் வரியில் ௸, அதாவது மேற்படி, 2-க்கு 1 ரூபாய் 8 அணா. அதுவும் படச் சட்டம்தான். ஆக மொத்தம் 6. வரிவரியாகப் பெயர்த்தெழுதிவிட்டு "படம்" என்று தேடினால் 4 மட்டும் கிடைக்கும், 2 காணாமல் போகும். அதனால் அட்டவணையில் "உள்ளபடி" ஒரு பத்தி, "விரித்த வாசிப்பு" ஒரு பத்தி எனத் தனித்தனியாக வையுங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி இல்லை, எ-ஏ வேறுபாடு இல்லை, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். "தெககு" என்பதைத் தேக்கு என்று திருத்தி முதல் பத்தியை அழித்துவிட்டால் நாளைக்கு யாரும் சரிபார்க்க முடியாது. பக்கத் தலையில் இருக்கும் பிள்ளையார் சுழியை ௨ (2) என்று சேர்த்துக் கூட்டியவர்களும் உண்டு!

தொகையை எல்லாம் பையாக (அணாவுக்குக் கீழான பழைய காசு) மாற்றுங்கள்: ரூபாய்க்கு 192, அணாவுக்கு 12. 7 ரூபாய் 6 அணா 4 பை என்றால் 1420. 1957 ஏப்ரலுக்குப் பிறகு வருவது நயா பைசா. அதைக் கலக்க வேண்டாம்.

யுவ ஆண்டு 60 வருடத்துக்கு ஒரு முறை வரும். 1900-1950 கணக்குக் கட்டுக்குள் இருப்பதால் இது 1935 அக்டோபர். உதிரித் தாள் என்றால் 1875-ம் ஆகலாம். அப்போது பொருளைத்தான் கேட்க வேண்டும். ரவிவர்மா அச்சகமே 1894-ல்தான் பம்பாயில் தொடங்கியது. மார்கழிப் பின்பாதி முதல் பங்குனி வரை ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட மறக்காதீர்கள்.

மங்குச்சாடி:
அண்ணன் சொன்னதில் சிட்டை விஷயம் சரி. ஆனால் சிட்டைக்குள் வராத சாமான்தான் செட்டிநாட்டு வீட்டில் அதிகம். பெண்ணோடு வந்தது, வேறு (தனிக்குடித்தனம்) வைக்கும்போது கொடுத்தது எல்லாம் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பட்டியல் சொல்வது இருப்பை, வாங்கியதை அல்ல. தாய்க்கு வந்த பாத்திர அடுக்கு மகள் பட்டியலிலும் ஏறும். இரண்டு பட்டியலையும் கூட்டினால் ஒரே அடுக்கு இரண்டாகிவிடும்.

விலாசத்தை (பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகளை) மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் அதே எழுத்துகள் தலைமுறை விட்டுத் திரும்பி வரும். பாத்திரத்தில் வெட்டிய பெயருக்கும் இதே கதைதான்.

மங்குச் சாமானை, கண்ணாடியைக் கவிழ்த்து அடி முத்திரையைப் படியுங்கள். "செக்கோஸ்லோவாக்கியா" என்று இருந்தால் 1918-க்கு முந்தைய பட்டியலில் வரும் கிண்ணம் அது இல்லை, எண்ணிக்கை எவ்வளவு பொருந்தினாலும் சரி.

முகப்புத்தூண்:
நன்றி. பினாங்குக் கடைக் கணக்கில் "கண்ணாடி ௨ ககு வெள்ளி ௰௨" என்று வருகிறது. வெள்ளிச் சட்டம் போட்ட கண்ணாடியா?

பற்றுவரவு:
இல்லை, 12 மலாயா வெள்ளி, அதாவது டாலர். 1906 முதல் ஒரு வெள்ளி பிரிட்டிஷ் காசில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் (ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸாக இருந்த காலத்தில் அது ஒன்றே முக்கால் ரூபாய். ஆக உங்கள் கண்ணாடிகள் 21 ரூபாய். 1927-ல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸாக்கிய பிறகு 18 ரூபாய் 10 அணா 8 பை. முதல் உலகப்போரை ஒட்டிய சில ஆண்டுகளில் ரூபாய் மதிப்பு நிலையாக இல்லை. அந்த ஆண்டுகளை மாற்றாமல் வெள்ளியாகவே விடுங்கள்.

நிஜ வெள்ளி என்றால் கூடவே எடை இருக்கும். ஒரு ரூபாய் எடை, அதாவது ஒரு வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடை, 11.66 கிராம். பட்டியலில் 60 ரூபாய் எடை வெள்ளிச் சொம்பு என்றால் தராசில் 700 கிராம் அளவுக்கு வர வேண்டும். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். கூடினால் ஒட்டுப் போட்டிருப்பார்கள், அல்லது அது வேறு சொம்பு.

மங்குச்சாடி:
படம் எடுக்கும் முன் ஒன்று. பக்கங்களுக்கு நடுவே செருகிய ரசீது, தபால் அட்டையை உருவிக் குவிக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே வைத்து ஒரு படம், பிறகு எடுத்து முன்னும் பின்னும். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். ஓலைச்சுவடிக்குப் போடும் புல் எண்ணெயைக் காகிதத்தில் தடவினால் கறை பிடித்துவிடும். இராமபாணப் பூச்சி இருந்தால் மெல்லிய தூரிகையால் தட்டி விடுங்கள். ஊர்க்காரர்கள் வாங்கிய கடனும் அதே பக்கத்தில்தான் இருக்கும், பொதுவில் போடும்போது அந்தப் பெயர்களை மறைத்துவிடுங்கள்.