காயில் லோடு ஏத்தினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ட்ரெய்லர்க்காரன், சங்ககிரி:
பதினாலு வருஷமா ட்ரெய்லர். பெல்லாரிப் பக்கமிருந்து கோயமுத்தூருக்கு இரும்புக் காயில், பாய் மாதிரி சுருட்டின இரும்புத் தகடு. அன்னைக்கு ஒரே காயில், 21 டன். சுருளோட நடு ஓட்டையைக் கண்ணுன்னு சொல்வோம். அது வண்டியோட ரெண்டு பக்கத்தையும் பார்க்க வெச்சிருந்தாங்க, அதாவது உருண்டா நேரா கேபினுக்குத்தான் வரும். கட்டை கொடுத்து, கண்ணுக்குள்ள நாலு செயின் விட்டு, லிவர் மேல ஏறி நின்னு இறுக்கினோம். யார்டுல பார்த்தா மலை மாதிரி இருந்துச்சு. அதுலதான் ஏமாந்தேன்.

புதுக் கட்டை பாரத்துல அமுங்கும். அமுங்கின அளவுக்குச் செயின் தளரும். இது தெரிஞ்சும், தூறலா இருக்கேன்னு ஓசூர் தாண்டியும் நான் இறங்கிப் பார்க்கல.

தொப்பூர் இறக்கம். கியர்லதான் இறங்கினேன், நியூட்ரல் கிறுக்கெல்லாம் எனக்குக் கிடையாது. இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கார் குறுக்க நுழைஞ்சான். பிரேக்கை மிதிச்சதும் முதுகுக்குப் பின்னாடி 'டொம்'முனு ஒரு சத்தம். காதுல கேட்டதைவிட சீட்டு வழியா இடுப்புல ஏறினதுதான் ஜாஸ்தி. கிளீனர் பையன் என்னைப் பார்த்தான், நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

ஓரங்கட்டி டார்ச் அடிச்சா, முன்கட்டை நாலு விரல் நகர்ந்திருக்கு. தளத்துல வெள்ளையா ஒரு கீறல். பின்னாடி இழுக்கிற செயின் கம்பி மாதிரி நிக்குது, முன்னாடி இழுக்கிறது கையால ஆட்டினா ஆடுது. காயில்ல பூசின எண்ணெய் மழைத்தண்ணியோட கட்டைக்கு அடியில இறங்கியிருக்கு. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல, கட்டினது நான்தான். அடுத்த டிரிப்புலயிருந்து கட்டைக்கு அடியில ரப்பர் பாய் போடுறேன்.

ஹமில்டன் லொறி:
அண்ணை, நான் கனடாவில உருக்குச் சுருள்தான் ஏத்துறன். இஞ்ச 2,268 கிலோவும் அதுக்கு மேலயும் எண்டால் தனி விதி. நீங்கள் வச்ச மாதிரி கண் பக்கவாட்டா இருந்தால், கண்ணுக்குள்ளால ஒரு சங்கிலி முன்னுக்கும் ஒண்டு பின்னுக்கும் இழுக்கோணும். மேலயிருந்து பாக்க ரெண்டும் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்க வெட்டக்கூடாது. கட்டையை ஆணியை மட்டும் நம்பி நிப்பாட்டவும் ஏலாது. முன்னுக்குப் பாரத்தின்ர 0.8 பங்கு விசையைத் தாங்கோணும் எண்டு கணக்கு, உங்கட 21 தொன்னுக்கு ஏறக்குறைய 17 தொன் வரும். வெளிக்கிட்டு 80 கிலோமீற்றருக்குள்ள இறங்கிப் பாக்காட்டி பிழை. அமெரிக்காவில அலபாமாவுக்குள்ள ஓடுறதெண்டால் முந்தி சுருள் ஏத்தத் தனிச் சான்றிதழே கேட்டவங்கள்.

என்ர முதல் மாசக் கூத்து வேற. சங்கிலிக்கும் விளிம்புக்கும் நடுவில காப்பு வைக்க மறந்திட்டன். சுருள் அசையேல்ல, ஆனா விளிம்பு நசிஞ்சு போச்சு. வாங்கிறவன் எடுக்கமாட்டன் எண்டிட்டான். பழக்கின பஞ்சாபி அண்ணர் ஒரு கிழமை என்னோட கதைக்கேல்ல.

பேப்பர் ரீல், கரூர்:
நமக்கு இரும்பு இல்லைங்க, சிவகாசிக்குப் பேப்பர் ரீல். நிறுத்தித்தான் வைப்போம். படுக்கப் போட்டு பெல்ட்டை இறுக்கினா முட்டை மாதிரி ஆயிடும், அப்புறம் பிரஸ்ல ஓட்டுறப்ப துள்ளும். மேல் விளிம்புல அட்டை வைக்கலைன்னா பெல்ட்டே நாலு சுத்தை அறுத்துடும். அண்ணா ஒரு சந்தேகம், காயில் கண்ணை முன்பக்கம் பார்க்க வெச்சா கேபினுக்கு ஆபத்தில்லையே?

ட்ரெய்லர்க்காரன், சங்ககிரி:
அப்படி வெச்சா முன்னாடி உருளாது தம்பி, சறுக்கும். வளைவுல பக்கவாட்டுல உருண்டு ரோட்டுல விழும். பைக்ல போறவன் என்ன பாவம் பண்ணினான்? எந்தப் பக்கம் வெக்கணும்னு நம்மகிட்ட எவன் கேக்குறான், கிரேன்காரர் வெக்கிறதுதான். நமக்கு மிச்சம் செயினும் கட்டையும்.

இப்பெல்லாம் தருமபுரி தாண்டி, இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வண்டியை ஓரங்கட்டி ஒவ்வொரு லிவரையும் மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் நகர்றது. போன வாரமும் ஒரு செயின்ல ஒரு கண்ணி ஏத்திப் போட வேண்டியிருந்துச்சு.