துணிக்கம்பத்துக்கு எழுதிய கடிதங்கள்

கவிதா: பெரியம்மா, நீங்கள் கொடுத்த ‘டாடி லாங் லெக்ஸ்’ ராத்திரியே முடித்துவிட்டேன். முக்கால்வாசி அவ்வளவு பிடித்தது. முடிவைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

செல்வம் மாமா: என்ன கதை அது?

பெரியம்மா: 1912-ல் ஜீன் வெப்ஸ்டர் எழுதிய அமெரிக்க நாவல், தம்பி. அனாதை இல்லத்துப் பெண். அவளுக்கு ஜெருஷா என்ற பெயரை ஒரு கல்லறைக் கல்லிலிருந்து எடுத்தார்கள். ஆபட் என்பது டெலிபோன் டைரக்டரியின் முதல் பக்கத்திலிருந்து! முகம் காட்டாத ஒரு தர்மகர்த்தா அவளைக் கல்லூரியில் சேர்த்து, கைச்செலவுக்கு மாதம் 35 டாலர் தருகிறார். அவள் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். பதில் வராது. சுவரில் விழுந்த அவருடைய நெட்டைக்கால் நிழலை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அதனால்தான் ‘டாடி லாங் லெக்ஸ்’, நெட்டைக்கால் அப்பா என்று அவரைக் கூப்பிடுகிறாள்.

கவிதா: அந்த ஆள்தான் மாமா, வேறு யாரோ போல நேரில் வந்து பழகுகிறார். தோழியின் அண்ணன் இருக்கும் இடத்துக்கு விடுமுறையில் போகக் கூடாது என்று செயலாளரை விட்டு எழுத வைக்கிறார். அவள் மனதில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் அவரையே கட்டிக்கொள்ளப் போகிறாள். நியாயமா இது?

பெரியம்மா: இல்லைதான் கண்ணு. ஆனால் ஐரோப்பா போ என்று அவர் சொன்னபோது, மாட்டேன் என்று டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கப் போனாளே. நாவல் எழுதிக் கிடைத்த 1000 டாலரை அவருக்கே அனுப்பினாளே. அதையும் பார்.

பிரியா சித்தி: அக்கா, அந்தக் காலத்தில் இது ரொம்பப் பிரபலமா?

பெரியம்மா: முதலில் பத்திரிகைத் தொடர். 1914-ல் நாடகம். அப்போது இந்தப் பெயரில் பொம்மைகள் விற்று, அனாதைக் குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்க்கப் பணம் திரட்டினார்கள். 1919-ல் மேரி பிக்ஃபோர்ட் நடித்த படம், 1955-ல் ஃப்ரெட் அஸ்டேர். ஜப்பானில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ‘அஷினாகா’ அமைப்புக்குப் பெயர் வந்ததே இந்தக் கதையிலிருந்துதான்.

செல்வம் மாமா: கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கவிதா: அந்த தர்மகர்த்தா தனக்கு வைத்துக்கொண்ட ஜான் ஸ்மித் என்ற பொய்ப் பெயருக்கு எழுதுவது துணி காயப்போடும் கம்பத்துக்கு எழுதுவது போல இருக்கிறது என்கிறாள் மாமா. உங்களுக்கு முழு வழுக்கையா, கொஞ்சம் வழுக்கையா என்று கேட்கிறாள்! பெரியம்மா, ‘லிட்டில் விமன்’ நாவலைப் பற்றி வருகிற இடத்தில் பென்சில் கோடு போட்டது நீங்களா?

பெரியம்மா: ஆமாம். கல்லூரியில் அதைப் படிக்காதவள் தான் ஒருத்திதான் என்று தெரிந்ததும், யாரிடமும் சொல்லாமல் 1 டாலர் 12 சென்ட் கொடுத்து வாங்குகிறாளே, அந்த இடம். நான் ஹாஸ்டலுக்குப் போன புதிதில் மற்றப் பெண்கள் பேசும் புத்தகம், சினிமா எதுவும் எனக்குத் தெரியாது. கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சாயங்காலம் லைப்ரரிக்குப் போய்த் தேடுவேன்.

பிரியா சித்தி: இதை எங்களிடம் நீ சொன்னதே இல்லையே அக்கா.

பெரியம்மா: இதை எழுதிய ஜீன் வெப்ஸ்டர் 1916-ல், மகள் பிறந்த மறுநாளே இறந்துவிட்டார். 39 வயது. பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று ஜூடியை, ஜெருஷா தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது, எழுத வைத்தவர். 1920-ல் அமெரிக்காவில் அந்தச் சட்டம் வந்தபோது பார்க்க அவர் இல்லை.

கவிதா: அடுத்த பாகம் உண்டா?

பெரியம்மா: ‘டியர் எனிமி’, பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. புத்திக் குறையும் கெட்ட குணமும் பரம்பரையாக வரும் என்று அன்றைக்கு நம்பிய தப்பான விஷயங்கள் அதில் வரும். இதைவிடக் கோபம் வரும் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்.