சார்ஜர் மாட்டினா மட்டும் லேப்டாப் இழுக்குது: உங்க அனுபவம் என்ன?

உபுண்டு 22.04 லினக்ஸ், எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். பேட்டரியில ஓடும்போது குறையே இல்ல. சார்ஜரை மாட்டினா போதும், தட்டுற எழுத்து திரைக்கு வர ஒரு மூச்சு நேரம் ஆகும். பிடுங்கினா பழையபடி ஓடும். கரண்ட்ல வேகம் கூடத்தானே செய்யணும்? அதனால லினக்ஸ் மேலதான் சந்தேகம் போச்சு. லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலை மாத்தினேன், ப்ராசஸர் வேகத்தை முடிவு பண்ற கவர்னரை பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சேன், பேட்டரியை மிச்சப்படுத்தற டிஎல்பி நிரலை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். மூணு ராத்திரி போச்சு.

அப்புறம் டெர்மினல்ல ப்ராசஸரோட வேகத்தை நொடிக்கு நொடி ஓடவிட்டுப் பார்த்தேன். எட்டு வரியிலயும் 400 மெகாஹெர்ட்ஸ், ஆணி அடிச்ச மாதிரி. வயரைப் பிடுங்கினதும் 3,000-ஐத் தாண்டுச்சு. சூடு 45 டிகிரிதான். கவர்னர் இறக்கின வேகம்னா அதை மாத்தினதும் ஏறியிருக்கணும். ஏறலைன்னா, லினக்ஸுக்கும் கீழ மதர்போர்டுதான் பிடிச்சு வெச்சிருக்கு.

ஓஎஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ஸ், அதான் பயோஸ், அதுக்குள்ள போனேன். அடாப்டர் வரியில வாட்டேஜ் இருக்க வேண்டிய இடத்துல ‘அன்நோன்’. எங்கிட்ட இருக்கற சார்ஜர் முனையில நடுவுல ஊசி மாதிரி ஒரு பின் உண்டு. கரண்ட் அது வழியா வர்றதில்ல. ‘நான் 65 வாட்’னு லேப்டாப்புக்குச் சொல்றது மட்டும்தான் அதோட வேலை. அந்தச் சேதி வரலைன்னா எவ்வளவு இழுக்கலாம்னு போர்டுக்குத் தெரியாது. உடனே வேகத்தைக் குறைக்கச் சொல்ற ‘பிடி ப்ராக்ஹாட்’ சிக்னலை அனுப்பி ப்ராசஸரை அடியோட இறக்கிடும். டார்ச் அடிச்சுப் பார்த்தா, பின் ஒரு பக்கமா சாய்ஞ்சு கிடந்தது. பேட்டரியும் 63 சதவீதத்துலயே நின்னுச்சு, அதை முதல் நாளே நான் கவனிச்சிருக்கணும். நண்பர்கிட்ட அதே மாடல் சார்ஜர் வாங்கி மாட்டினேன், சரியாயிடுச்சு. தயவுசெஞ்சு ஓஎஸ்ஸை அழிக்கறதுக்கு முன்னாடி பயோஸைப் பாருங்க.

—

எனக்கும் இதேதான். ஆனா பின் நல்லா இருந்துச்சு, முனைக்குப் பக்கத்துல வயர் உள்ளுக்குள்ள அறுந்திருந்தது. ஒரு பக்கமா வளைச்சுப் பிடிச்சா மாட்டின உடனே சார்ஜரை அடையாளம் கண்டுக்கும். புதுசு வர்ற வரைக்கும் ப்ராசஸரோட உள் அமைப்புகளை மாத்தற எம்எஸ்ஆர் டூல்ஸ் போட்டு, அந்த ப்ராக்ஹாட் சிக்னலை ஏத்துக்கற 1எஃப்சி ரெஜிஸ்டர்ல கடைசி பிட்டை 0 ஆக்கி வேலை பார்த்தேன். பயோஸ்ல செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு ஆன்ல இருந்தா கெர்னல் அதை எழுத விடாது. ரீபூட் பண்ணா மாற்றம் போயிடும். ப்ராக்ஹாட் தடை ஒரு பாதுகாப்புக்காக இருக்கறது, நிரந்தரமா எடுத்துடாதீங்க. சின்ன சார்ஜரை வெச்சுக்கிட்டு இதைச் செஞ்சா சார்ஜர்தான் சூடாகும்.

—

அண்ணா, என் கதை வேற. 400-ல நிக்கல, ஆனா சார்ஜர்ல 1,600-ஐத் தாண்டவே இல்ல. பயோஸ்ல சார்ஜர் சரியா தெரிஞ்சுச்சு. டிஎல்பி கோப்பைத் திறந்தா, ஏசிக்கான (அதாவது சார்ஜர்ல ஓடும்போது) பூஸ்ட் வரியில 0, ப்ராசஸர் கூடுதல் வேகத்துக்குப் போகறதை அது தடுத்திருக்கு. பேட்டரி வரிக்கு வேண்டிய மதிப்பை நான்தான் எப்பவோ இடம் மாத்தி எழுதியிருக்கேன். 1 ஆக்கிட்டு டிஎல்பியைத் திரும்ப ஓட்டினேன், அப்பவே 3,400 வந்துடுச்சு.