பூர்வகுடிப் பெரியவர்கள் காக்கும் தெருக்கள்: எங்கள் அனுபவங்கள்

செவிலியர், டெனன்ட் கிரீக்:

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடக்கே சுமார் 500 கி.மீ. தொலைவில், வருமுங்கு என்னும் பூர்வகுடி மக்களின் மண்ணில் இருக்கிற டெனன்ட் கிரீக்கில் பணியாற்றிய நாட்களில், ஓர் இரவு கடைவாசலில் இரண்டு இளைஞர்கள் போதையில் கைகலக்கும் நிலையில் நிற்பதைக் கண்டேன். அங்கு வந்த இரவு ரோந்து வண்டியிலிருந்து இறங்கிய மூதாட்டி யாரையும் அதட்டவில்லை. நடைபாதையில் உட்கார்ந்து, பக்கத்துத் தரையைக் கையால் தட்டி, அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னார். ஓங்கிய கையை இறக்கிய ஒருவன், தலைகுனிந்து அவரருகே வந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் இருவருமே வண்டியில் ஏறிவிட்டார்கள்.

இந்த ரோந்தை 1980களில் அவ்வூர்ப் பூர்வகுடிகளின் அமைப்பான ஜூலாலிகாரி மன்றத்தைச் சேர்ந்த பூர்வகுடி மக்களே தொடங்கி, ஆரம்பத்தில் சம்பளமின்றி நடத்தினார்கள். கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. யார் யாருக்குப் பேரன், யார் முன்னால் குரலை உயர்த்தக்கூடாது என்கிற உறவுமுறைதான் அவர்களுடைய பலம். காவலில் இறந்துபோன 99 பூர்வகுடியினரைப் பற்றி விசாரித்த அரச ஆணையத்தின் 1991ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தவன் எவனுக்கும், போதையில் இருப்பவன் கொட்டடிக்குப் போகாமல் வீடு போய்ச் சேருவது எத்தனை பெரிய காரியம் என்பது விளங்கும்.

ஆசிரியர், பர்க், நியூ சவுத் வேல்ஸ்:

செவிலியர் அக்கா சொன்ன ரோந்தில் தெரியும் அந்தப் பொறுப்புணர்வை, 2013இல் பர்க்கில் தொடங்கிய மரங்குகா திட்டத்திலும் பார்த்தேன். தங்கள் பிள்ளைகள் எதற்காகச் சிறைக்குப் போகிறார்கள் என்பதை அறிய, காவல்துறை, நீதிமன்றத் தரவுகளை ஊர்ப் பெரியவர்களே கேட்டு வாங்கி அலசினார்கள். உரிமமின்றி வண்டி ஓட்டுவதும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. 25 வயதுக்குட்பட்டவர் உரிமம் பெறுவதற்கு, உரிமம் உள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு 120 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். வீட்டில் காரும் இல்லை, உரிமம் உள்ளவரும் இல்லை என்றால் அந்தப் பையன் எங்கே போவான்? ஆகவே அவர்கள் ஓட்டுநர் பயிற்சிக்கு வழிசெய்தார்கள். காவல்துறையில் பதிவான குடும்ப வன்முறை அவ்வூரில் 23 சதவீதம் குறைந்ததாக 2018இல் வெளிவந்த, கேபிஎம்ஜி என்ற ஆலோசனை நிறுவனத்தின் மதிப்பீடு கூறியது.

அந்தப் பயிற்சிக்குச் சென்றுவந்த என் மாணவன் ஒருவன், பதிவேட்டை மடியில் விரித்து அன்று ஓட்டிய நேரத்தைக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தான். 87 மணி நேரம் ஆகியிருந்தது. மழையில் ஓட்டியதையும் சேர்த்துத்தான் என்று அவனே சொன்னான்.