ஓன் போர்டு காரை டி போர்டா மாத்துறது: எந்த வேலை முதல்ல?

நாலுசக்கரம்:
வணக்கம். 2020 ஜூன்ல பதிவான பெட்ரோல் செடான், ஓன் போர்டு (சொந்த உபயோக வண்டி). பேங்க் லோன் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இதை டி போர்டுக்கு (வாடகை வண்டி) மாத்தி, டாக்ஸி ஆப்லயும் வெளியூர் டிரிப்புக்கும் ஓட்ட உத்தேசம். என்கிட்ட இருக்கிறது எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ், பேட்ஜ் (பொதுமக்களை ஏத்தி ஓட்டுற அனுமதி) இல்ல. இன்சூரன்ஸ் முடிய ஏழு மாசம் இருக்கு.

பேங்க், ஆர்டிஓ, இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று), ஸ்பீடு கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துற கருவி), பர்மிட்னு ஆளுக்கு ஒரு வரிசை சொல்றாங்க. எது முதல்ல, எது கடைசி? எந்த இடத்துல வேலை நிக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சள்பலகை:
முதல்ல பேங்க். ஆர்சியில (பதிவுச் சான்று) ஹைப்போ, அதாவது பேங்க் அடமானப் பதிவு, இருக்கிற வரைக்கும் பேங்க் என்ஓசி இல்லாம வண்டியோட வகையை மாத்த முடியாது. உங்க லோன் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. சொந்த உபயோகத்துக்குன்னு கொடுத்த கார் லோன்ல வாடகைக்கு ஓட்டக் கூடாதுன்னு ஒரு வரி அநேகமா இருக்கும். அதனால "வாகன வகை மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை"ன்னு தெளிவா எழுதி வாங்குங்க. பொதுவா ஒரு என்ஓசி வாங்கிட்டுப் போனா கவுன்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. சில பேங்க் லோனையே கமர்ஷியலா மாத்தணும்பாங்க, வட்டி கூடும். அந்தக் கணக்கை இப்பவே கேட்டுக்கங்க.

ரெண்டாவது, அரசோட பரிவாகன் தளத்துல உங்க வண்டி நம்பரைப் போட்டு மூணு விஷயம் பாருங்க: நிலுவையில இ-சலான் இருக்கா, ஆர்சியில பதிவான மொபைல் நம்பர் உங்க கையில இருக்கா, ஆர்சியில இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதா. நிறைய பேருக்கு வேலை இங்கதான் நிக்குது. எப்பவோ விழுந்த ஒரு சிக்னல் சலான் கட்டாம கிடந்தா விண்ணப்பமே நகராது. இனிஷியல் முன்னாடி பின்னாடி இருந்தாக்கூட இழுத்தடிக்கும்.

அதுக்கப்புறம்தான் வகை மாற்ற விண்ணப்பம். நீங்க ஏற்கெனவே ஆயுள் வரி கட்டியிருப்பீங்க. டாக்ஸிக்கு வரி அட்டவணை வேற, அங்க வர்ற வித்தியாசத்தைக் கட்டினாத்தான் அடுத்த படி. பிறகு வண்டியை நேர்ல காட்டணும், எஃப்சி வாங்கணும், அதுக்கப்புறம் பர்மிட். வகை மாற்றம் முடிஞ்சும் பர்மிட் கைக்கு வராத அந்த இடைவெளியில ஒரு சவாரிகூட ஏத்தாதீங்க. பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவுப்படி முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைக்கும் இடம் இருக்கு.

பாலிசிக்காரர்:
இன்சூரன்ஸை மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதனால் பாலிசி முடிய ஏழு மாதம் இருக்கிறது என்பது உங்களுக்கு உதவாது. முதல் சவாரி ஏறும் நிமிடத்தில் அந்தப் பாலிசி உங்களைக் கைவிட்டுவிடும்.

ஆர்சியில் வகை மாறும் தேதியை ஒட்டி, பயணிகளை ஏற்றும் வாடகை வாகனம் என்ற வகையில் புதிய பாலிசி எடுங்கள். பழையதை ரத்து செய்தால் மீதி நாட்களுக்கு உரிய தொகையைக் கேட்டு வாங்கலாம். ஒன்றை எடுத்த பிறகே மற்றதை ரத்து செய்யுங்கள், நடுவில் ஒரு நாள்கூட வண்டி பாலிசி இல்லாமல் நிற்கக் கூடாது.

ஒருவேளை மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால் என்ன ஆகும்? உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. எதிர்த்தரப்புக்கு நஷ்டஈட்டை நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு அதை உங்களிடமே வசூலிக்கும். பர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படையான மீறல் என்று அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. அங்கும் இதே ஏற்பாடுதான்: முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வாங்கிக்கொள். உயிரிழப்பு என்றால் அந்தத் தொகை வீட்டையே விற்க வைக்கும். தயவுசெய்து இதில் துணியாதீர்கள்.

சம்பளத்துக்கு டிரைவர் வைக்கப் போகிறீர்கள் என்றால் அவருக்கான சட்டப் பொறுப்புக் கவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் மிகச் சிறியது. உரிமையாளரே ஓட்டினால் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் கவர் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டெப்னி:
எஃப்சிக்கு வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது.

ஸ்பீடு கவர்னர் 80 கி.மீ.க்கு. டாக்ஸியாவே விக்கிற மாடல்ல, உதாரணத்துக்கு டிசையர் டூர் எஸ்ல, கம்பெனியிலேயே அந்த வரம்பு வெச்சு வரும். ஓன் போர்டுல இருந்து வர்ற வண்டிக்கு வெளியில மாட்டணும். இங்கதான் வேலை கெடுறதே. இப்ப வர்ற கார்ல ஆக்சிலரேட்டர் கேபிள் கிடையாது. பெடல்ல ரெண்டு சென்சார், ஒண்ணு தர்ற வோல்டேஜ் இன்னொண்ணுல ஏறக்குறைய பாதி. இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். கவர்னரைச் சேர்க்க அந்த வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுத்தி விட்டா நாலு மழைக்கு அப்புறம் அந்த இடத்துல பச்சை பூத்து ரெசிஸ்டன்ஸ் மாறும். ரெண்டு சிக்னலும் ஒத்துப்போகலன்னதும் செக் லைட் எரிஞ்சு வண்டி இழுக்காம போயிடும். ஸ்கேனர் போட்டா பி2138னு காட்டும். பெடலையே மாத்தணும்னு சொல்லி ஆயிரக்கணக்குல வாங்கிடுவாங்க, கோளாறு அந்த ஜாயின்ட்ல இருக்கும். அதனால உங்க மாடலுக்குன்னே வர்ற கப்ளர் செட்டோட (வயரை வெட்டாம சொருகுற கனெக்டர்) மாட்டுறவர்கிட்ட போங்க. வயரை வெட்டப் போறேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. சர்டிபிகேட்ல இருக்கிற சீரியல் நம்பரும் பெட்டி மேல இருக்கிறதும் ஒண்ணான்னு அங்கேயே பாருங்க. சீல் அறுந்திருந்தா எஃப்சியில நிக்கும்.

அடுத்தது சேஸிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட். நிறைய கார்ல முன் சீட்டுக்குக் கீழ கார்ப்பெட்டைத் தூக்கினா இருக்கும். பெட்ரோல் நனைச்ச துணியால துடைச்சு, காய்ஞ்சதும் மெல்லிய பேப்பரை வெச்சு, மென்மையான பென்சிலைப் படுக்க வெச்சுத் தேய்க்கணும். 17 எழுத்தும் முழுசா விழணும். துரு பிடிச்சிருக்குன்னு உப்புத்தாளைப் போட்டுடாதீங்க. அந்தக் கீறலைப் பாத்துட்டு நம்பரைத் திருத்தியிருக்குன்னு சந்தேகம் வந்தா அது தனி வழக்கா போகும்.

மத்ததெல்லாம் தெரிஞ்சதுதான்: டயர் பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஸ்டெப்னிக்கும் இதைப் பாருங்க. கண்ணாடியில கடையில ஒட்டின கறுப்பு ஃபிலிம், முன்னாடி புல் பார், பல ராகம் பாடுற ஹார்ன் எல்லாத்தையும் கழட்டிடுங்க. ஹெட்லைட் பீம் ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு இருந்தா முதல் நாளே அட்ஜஸ்ட் பண்ணிடுங்க. ஹேண்ட்பிரேக், எல்லா சீட் பெல்ட் லாக், ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ், நடப்புல இருக்கிற புகைச் சான்று. சிஎன்ஜி கிட் வெளியில மாட்டியிருந்தா அது ஆர்சியில ஏறியிருக்கணும்.

நாலுசக்கரம்:
ரொம்ப நன்றிங்க. லைசென்ஸ் விஷயம் மட்டும் குழப்பமா இருக்கு. எல்எம்வியே போதும்னு கோர்ட்டு சொல்லிடுச்சுன்னு ஒருத்தர், பேட்ஜ் இல்லாம ஆப்ல சேரவே முடியாதுன்னு இன்னொருத்தர். எது சரி? அப்புறம் 2020 வண்டியை இப்ப மாத்துறது லாபமா?

மஞ்சள்பலகை:
ரெண்டும் சரிதான், ரெண்டும் வேற வேற விஷயம். 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதி அமர்வு, எல்எம்வி லைசென்ஸ் இருந்தா 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம், அதுக்குத் தனி ஒப்புதல் தேவையில்லைன்னு தீர்ப்பு சொல்லிச்சு. டிரைவர்கிட்ட அந்த ஒப்புதல் இல்லைங்கிற ஒரே காரணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி இனிமே தப்பிக்க முடியாது. பேட்ஜ்ங்கிறது பொதுமக்களை ஏத்துற வண்டி ஓட்டுறதுக்கு மாநில விதிப்படி தர்ற அனுமதி. உங்க பின்னணியை விசாரிச்சுத்தான் தருவாங்க. ஆப்ல சேரும்போதும் கேட்பாங்க. விசாரணைக்கு நாள் பிடிக்கும், அதனால பேங்க் என்ஓசிக்கு எழுதிப் போடுற அன்னைக்கே இதுக்கும் போட்டுடுங்க.

பர்மிட்டுக்கு வருவோம். டிரைவர் தவிர ஆறு பேர் வரைக்கும் மோட்டார் கேப், ஏழிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் மேக்ஸி கேப். உங்களது 4+1, சிக்கல் இல்ல. வெளியூர்னா நம்ம மாநிலத்துக்குள்ள மட்டுமா, கேரளா கர்நாடகா எல்லாம் போவீங்களான்னு முடிவு பண்ணிக்கங்க. எல்லை தாண்டுறது அடிக்கடின்னா ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட், பரிவாகன்லயே போடலாம். எப்பவாவதுதான்னா அந்தந்த டிரிப்புக்குத் தற்காலிக பர்மிட்டும் வரியும் கட்டிக்கிறது சிக்கனம். எந்தப் பர்மிட்டா இருந்தாலும் இது ஒப்பந்த ஊர்தி, அதாவது முழு வண்டியையும் சேர்த்து வாடகைக்கு விடுறது. வழியில ஆளுக்கு இவ்வளவுன்னு சீட் போட்டு ஏத்தினா பர்மிட் விதி மீறல்தான்.

லாபம்னு கேட்டா, வயசுக் கணக்கைப் பாருங்க. ஆப் வண்டிக்கு முதல் பதிவுல இருந்து 8 வருஷம்தான்னு 2025 ஜூலையில வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் சொல்லுது. மாத்தின தேதியில இருந்து எண்ண மாட்டாங்க. அப்படின்னா உங்களுக்கு 2028 ஜூன் வரைக்கும்தான். எஃப்சியும் 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். டி போர்டா மாறின வண்டிக்கு விக்கிற விலையும் இறங்கும், திரும்ப ஓன் போர்டாக்குறது இதே அலைச்சல். ஆப்பை மட்டும் நம்பி மாத்துறதா இருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். கம்பெனி, ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு மாச வாடகை ஒப்பந்தம் கையில இருந்தா தாராளமா மாத்துங்க.

ஸ்டெப்னி:
புது வண்டி பக்கம் யோசிச்சா எலக்ட்ரிக்கையும் கணக்குல எடுங்க. 2018 அக்டோபர்ல இருந்து பேட்டரி வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்ல. எஃப்சியும் வாடகை வண்டி இன்சூரன்ஸும் கட்டாயம். போர்டு பச்சையில மஞ்சள் எழுத்து.

நம்பர் பிளேட்டு பத்தி யாரும் சொல்லல. மஞ்சள் பிளேட்டை முன்கூட்டியே ஆர்டர் பண்ண முடியாது, வாகன்ல (அரசோட வண்டிப் பதிவேடு) வகை மாறின பிறகுதான் பிளேட்டு ஆர்டர் பண்ற தளம் மஞ்சளைக் காட்டும். கடையில மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டாதீங்க, உயர் பாதுகாப்பு பிளேட்டுதான் செல்லும். உங்களது 2020 வண்டிங்கிறதால முன் கண்ணாடி உள்பக்கம் இளநீல ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும். அதுல பழைய பிளேட்டோட லேசர் நம்பர் அச்சாகியிருக்கு. புது பிளேட்டு மாட்டும்போது அதையும் புதுசா கேட்டு வாங்கி ஒட்டிடுங்க.