கத்தரியில் வெட்டிய இலையும் எங்கள் கமிட்டியும்

முடிவெடுக்கும் இடத்தில் ஒரே மாதிரி ஆட்கள் இருப்பது நல்லதா, பலதரப்பட்டவர்கள் இருப்பது நல்லதா? நீலகிரியின் மூன்று ஊர்களிலிருந்து பேசுகிறார்கள்.

கோத்தகிரியிலிருந்து:
எங்கள் தேயிலை பேக்டரி கமிட்டியில் ஐந்து பேர். ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே வயது. 1991இல் சோவியத் உடைந்து நீலகிரித் தூளுக்கு இருந்த பெரிய கிராக்கி போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் எந்தக் கூட்டத்திலும் குன்னூர் ஏல விலைதான் பேச்சு. விலை இறங்கினால் சிடிசியை, அதாவது இலையை நசுக்கிக் குருணையாக்கும் தூளை, கூடுதலாக ஓட்டு, அவ்வளவுதான் யோசனை. ஒரு தடவை, இலையை முறுக்கி உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் டீ போடலாம் என்று ஐந்து தலையும் ஒன்றாக ஆடின. அதற்கான உருட்டும் மெஷினுக்கு, ரோலருக்கு, விலைகூடக் கேட்டாயிற்று. அப்போதுதான் ஆறாவதாக ஓர் அக்கா வந்தார். அரை ஏக்கர்காரர், இருபது வருஷம் கூலிக்கு இலை எடுத்தவர். "கத்தரியில வெட்டுன இலையை வச்சு என்னண்ணா ஆர்த்தடாக்ஸ் ஓட்டுவீங்க?" என்றார். சுருக்கென்றது. அதற்கு இரண்டு இலை ஒரு மொட்டாக வேண்டும். கத்தரியில் முற்றலும் குச்சியும் சேர்ந்தே வரும். கையால் எடுத்த இலைக்குத் தனி விலை வைத்த பிறகுதான் ரோலர் வாங்கினோம்.

குன்னூரிலிருந்து:
எங்கள் கதை வேறு. பாக்கெட் தூள் வியாபாரம், மூன்று பங்காளிகள்: டீ ருசி பார்ப்பவர், சேல்ஸில் ஊறியவர், பெங்களூரில் ஐடி பார்த்துத் திரும்பிய நான். யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் போட்டிக்காரர் பத்து ரூபாய் குறைத்தபோது, நாமும் குறைப்பதா என்று பேசிப் பேசியே ஊட்டி மலர்க் கண்காட்சி முடிந்துவிட்டது! ஹேம்ப்ரிக், சோ, சென் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் 32 விமான கம்பெனிகளைப் பார்த்து 1996இல் எழுதியதும் இதேதான். பலதரப்பட்ட தலைமை அதிகமாகவும் பெரிதாகவும் காய் நகர்த்தும், ஆனால் நகர்த்துவதிலும் பதிலடியிலும் மெதுவு, எதிராளிக்குப் பதிலடி கொடுப்பதும் குறைவு. மொத்தக் கணக்கில் லாபம்தானாம். எங்களுக்கு அந்த சீசன் போனது போனதுதான்.

கூடலூரிலிருந்து:
நான் கணக்கெழுதிய கம்பெனியில், 2013 கம்பெனிச் சட்டம் பெண் இயக்குநர் வேண்டும் என்றதும் முதலாளி வீட்டம்மாவையே போட்டார்கள். கையெழுத்து மட்டும் வீட்டிலிருந்து வரும். அதைப் பலதரப்பு என்று யார் சொல்வது? சரி, அந்த அக்கா இன்னும் கமிட்டியில் இருக்கிறாரா?

கோத்தகிரியிலிருந்து:
இருக்கிறார். நடுவில் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. கேட்டால், புதன்கிழமை வந்தால் ஒரு நாள் கூலி போகிறதாம். எங்கள் ஐந்து பேருக்கும் அது தோன்றவே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம்.