டார்னிஷ்: கறுப்பேறல்? களிம்பேறல்?

வணக்கம்.

மதுரைக் கைவினை நகைகளுக்குத் தமிழில் பராமரிப்புச் சீட்டு தயாராகிறது. வெள்ளி, பித்தளை, சுடுமண், பட்டுநூல் என நான்கு வகை. உலோகம் நாள்பட மங்கி நிறம் மாறுவதை ஆங்கிலத்தில் சொல்லும் ‘டார்னிஷ்’ (tarnish) என்பதற்கு முதல் வரைவில் ‘துரு’ என்று இருக்கிறது. துரு இரும்புக்குத்தான். ‘களிம்பு’ என்று போடலாமா?

––––

> ‘களிம்பு’ என்று போடலாமா?

ஐயா, செம்புக்கும் பித்தளைக்கும் தாராளமாகப் போடலாம். உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். அவ்வளவு பழகிய சொல். புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் களிம்பு போய்விடும். ஆனால் கம்பி முறுக்கின் இடுக்கில் புளிச்சாறு தங்கினால் மறுபடி பச்சை பூக்கும். நன்றாக அலசி, துணியால் ஒற்றி, முழுக்க உலர்த்த வேண்டும். கவரிங்கில் புளியே கூடாது, பூச்சு போய்விடும்.

வெள்ளி வேறு. அதில் படிவது வெள்ளி சல்பைடு. கந்தகம் பட்டால் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. ரப்பர் பேண்டு சுற்றி வைத்த கொலுசை எடுத்துப் பாருங்கள்: பேண்டு பட்ட இடத்தில் மட்டும் கோடு போட்டதுபோல் கறுத்திருக்கும், ரப்பரில் கந்தகம் இருப்பதால். வீட்டில் “கொலுசு கறுத்துப்போச்சு” என்றுதானே சொல்கிறோம்? துருவேறுதல், களிம்பேறுதல் வரிசையில் ‘கறுப்பேறுதல்’ என்று வைக்கலாம்.

––––

கறுப்பேறுதல் நன்றாக இருக்கிறது அம்மா. அப்படியானால் ‘ஆக்சிடைஸ்டு’ வெள்ளிக்கு? வரைவில் ‘ஆக்சிசனேற்றிய வெள்ளி’ என்று இருக்கிறது.

––––

அதை எடுத்துவிடுங்கள் ஐயா. பெயர்தான் ஆக்சிடைஸ்டு, பட்டறையில் கந்தகச் சேர்மக் கரைசலில் தோய்த்து வரவழைப்பதும் அதே சல்பைடுதான். சாயமேற்றுதல் என்கிறோமே, அதுபோல் ‘கறுப்பேற்றிய வெள்ளி’. தானாக ஆனது கறுப்பேறியது, வேண்டுமென்றே செய்தது கறுப்பேற்றியது. தன்வினை, பிறவினை இரண்டையும் ஒரே சொல் தருகிறது.

இந்த வேறுபாடு சீட்டில் தெளிவாக இருந்தே ஆகவேண்டும். கறுப்பேறியதற்கு வழி எளிது. கண்ணாடிப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, லிட்டர் சுடுநீருக்கு 2 மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து, நகை தாளைத் தொடும்படி சில நிமிடம் வைக்க வேண்டும். கந்தகம் அலுமினியத்துக்கு மாறும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது. கறுப்பேற்றிய ஜிமிக்கியை அதில் போட்டால், குழிவில் நின்ற கறுப்பும் சேர்ந்து போய், பூவும் கொடியும் எடுப்பில்லாமல் வெளுத்துவிடும். முத்தையும் பசை வைத்து ஒட்டிய கல்லையும் போடவே கூடாது.

சுடுமண்ணுக்கும் பட்டுநூலுக்கும் இந்தச் சொல் வேண்டாம். ஊற வைத்தால் மண் நீரை உறிஞ்சி வண்ணம் உரியும், நூல் வளையலில் பசை இளகும். உலர்ந்த தூரிகை போதும்.

எழுத்துக் கூட்டல்: வல்லின றகரம். ‘கருப்பு’க்கு அகராதியில் பஞ்சம் என்றும் பொருள் உண்டு.

சீட்டுக்கான வரி: “கறுப்பேற்றிய வெள்ளி. சோடாவில் போட வேண்டாம். மேட்டுப் பகுதியை மட்டும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கவும்.”